‘மூச்சை நல்லா இழு’ என்கிறார்களே, அங்கேதான் சிக்கல்

கடலூரில் மார்கழிக் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை கடந்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அதிலிருந்து இப்படித்தான். “ஒண்ணுமில்ல, பயப்படாதே” என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் உடம்பு கேட்டதில்லை. எப்படிக் கேட்கும்? புத்தி வாய் திறப்பதற்குள், உடம்பை உசுப்பிவிடும் ஹார்மோனான அட்ரினலின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. உடம்புக்கு உபதேசம் செய்வதுதான் முதல் தவறு.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவர் அக்கறையோடு சொல்வது: “மூச்சை நல்லா இழு.” நானும் வேகவேகமாக இழுத்திருக்கிறேன். விரல் நுனி மரத்துப்போய், வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் ஆகி, தலை சுற்றியது. அவசரமாக இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். வந்த பயம் இரண்டு மடங்காகும். மூச்சை உள்ளே இழுக்கையில் இதயம் சற்று வேகமெடுக்கும், வெளியே விடுகையில், மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். அதனால் கவனம் விடுவதில் இருக்கட்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும்வரை விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கோபத்தில் கொதிக்கும்போது கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவதும் பலருக்கு ஒத்துவராது. ஓடவோ அடிக்கவோ தயாராக, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கியிருக்கிறது. அது தசையில் செலவாகட்டும். சில்வர் பீச் மணலில் கால் புதையப் பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, பிறகு உட்காருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கத்திரி வெயில் மதியத்தில் உடம்பு துவண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறோம். அப்போதும் “ரிலாக்ஸ்” என்று படுத்துக்கொண்டே செல்போனைத் தள்ளுகிறோம். ஏற்கெனவே இறங்கிக் கிடப்பதை இன்னும் இறக்கி என்ன பயன்? தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்து நின்று, வெளிச்சமுள்ள பக்கம் நாலு எட்டு நடந்தால் தேவலை. மாலை ஆறு மணிக்கு ஸ்ட்ராங் டீ வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறையப் பாதி, இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். (டீயை விடச் சொல்லவில்லை, மூன்று மணிக்கே குடித்துவிடுங்கள்.)

புயல் எச்சரிக்கை வந்த பிறகுதான் மூச்சுப் பயிற்சியே ஞாபகம் வருகிறது. தேவனாம்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கும்போதே வலையைப் பிரித்துச் சரிபார்த்துவிடுவார்கள். நானும் இப்போதெல்லாம் காற்றே இல்லாத ராத்திரிகளில், படுக்கும் முன் எட்டு எண்ணி மூச்சு விடுகிறேன். போன மார்கழியில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டபோது, எழுந்து போய்க் கொக்கி மாட்டிவிட்டு வந்து படுத்தேன். உள்ளங்கை வியர்த்துத்தான் இருந்தது.