முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால்: அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு

'யு' கிரேடு (பாடத்தில் தேறவில்லை, அதாவது அரியர்) வந்ததும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். முதலில் இன்டர்னல் மதிப்பெண்ணை (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) பாருங்கள். 2021 ஒழுங்குமுறையில் (பல்கலையின் 2021 பாடத்திட்ட, தேர்வு விதிகள்) தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தாள் 100-க்கு நடந்து 60-க்குச் சுருக்கப்படும். மொத்தம் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். ஆகவே இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாளில் 45 எடுத்தால் போதும். 20 இருந்தால் 50, 15 இருந்தால் 59. அரியர் எழுதும்போதும் பழைய இன்டர்னலே தொடரும்.

அடுத்து விடைத்தாள் நகல். கெடு சில நாள்தான், கல்லூரி தேர்வுப் பிரிவு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கினால்தான் ரீவால்யுவேஷன் (மறுமதிப்பீடு) கேட்க முடியும். பாட ஆசிரியரிடம் காட்டி, திருத்தாமல் விட்ட பக்கமோ கூட்டல் பிழையோ உண்டா என்று பாருங்கள். நாலைந்து மதிப்பெண் இடைவெளி என்றால் போட்டுப் பார்க்கலாம். இருபது குறைந்தால் பணம் வீண். எப்படியானாலும் முடிவு வரட்டும் என்று படிப்பை நிறுத்தாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது கணிதத்தில். தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, பதினாறு மதிப்பெண் கேள்விகள் 5. யூனிட்டுக்கு ஒன்று, அதிலும் 'அல்லது' உண்டு. மூன்று யூனிட் முழுசாகத் தெரிந்தால் பதினாறு மதிப்பெண் கேள்விகளிலேயே 48. கணக்கில் இது போதும், நடைமுறையில் போதாது: ஒரு கணக்கு நடுவில் தப்பினாலே ஏழெட்டு போய்விடும். நான்கு யூனிட் எடுங்கள். முந்தைய ஐந்தாறு வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் வகைகளைப் பார்த்துப் பார்த்துப் படிக்காமல், கையால் எழுதிப் போடுங்கள். கணிதத்தைக் கண்ணால் படித்ததுதான் பலருக்கு அரியர் விழுந்த காரணமே. ஸ்டடி ஹாலிடேஸை நம்ப வேண்டாம். ரெகுலர் தேர்வுகளுக்கு நடுவில்தான் அரியர் தேதி வந்து விழும். செமஸ்டர் தொடங்கிய வாரமே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

அரியர் இல்லாமல் சி கிரேடுகளாக (தேர்ச்சியில் கடைசி கிரேடு) வந்திருந்தால் சிக்கல் வேறு. பாஸ் ஆன பேப்பரை மதிப்பெண் கூட்ட மறுபடி எழுத வழியில்லை. வரும் செமஸ்டர்கள்தான் சி.ஜி.பி.ஏ.வை (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) தூக்க வேண்டும். மொத்தம் 160 கிரெடிட் (கிரெடிட் என்பது சராசரியில் ஒரு பாடத்துக்கு உள்ள எடை), முதல் வருஷம் 45 கிரெடிட்டில் 6.0 என்று வைத்துக்கொள்வோம். மீதி 115-இல் சராசரி 8 எடுத்தால் முடிவில் 7.44. கிரெடிட் அதிகமுள்ள பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவதுதான் லாபம். 4 கிரெடிட் கணிதத்தை விட்டுவிட்டு 1 கிரெடிட் பாடத்துக்கு உயிரை விடாதீர்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் பல 'ஸ்டாண்டிங் அரியர்' (இன்னும் முடிக்காத அரியர்) இருந்தால் உட்காரவே விடாது. சில 'ஹிஸ்டரி'யையும் (முன்பு அரியர் இருந்ததா என்று) கேட்கும், ஆனால் முடித்த அரியருக்குப் பெரும்பாலும் இடம் உண்டு. அதனால் ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

வருகைப் பதிவு போதாமல் 'எஸ்.ஏ.' வந்தவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்கள் மறுபடி வகுப்புக்கே போக வேண்டும். அரியர் உள்ளவர்கள் ரெகுலர் தேர்வுக் கட்டணத்தோடு அரியர் பேப்பரையும் பதிவு செய்து பணம் கட்டிவிட்டோமா என்று ஹால் டிக்கெட்டில் பாட எண்ணைச் சரிபாருங்கள்.