குண்டு ஏன் படவே மாட்டேன் என்கிறது? போர் விமான சிமுலேட்டரில் சுடப் பழகும் முறை

போர் விமான சிமுலேட்டருக்கு, அதாவது கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எதிரி விமானம் புள்ளியாகத் தெரிந்ததுமே டிரிக்கரை அழுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தே சுட்டுத் தீர்த்துவிட்டு, கிட்டே போய்ச் சேரும்போது துப்பாக்கி காலி. என் கை சரியில்லை என்று நினைத்துப் புது ஜாய்ஸ்டிக் விலை எல்லாம் விசாரித்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு முழுக்கத் தூரத்தில்தான். ஆகவே கீழே உள்ள படிகளில் பாதி, ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்’ என்பதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்களை வைத்துச் சொல்கிறேன். ஐஎல்-2, டிசிஎஸ், வார் தண்டர் என்று எந்தச் சிமுலேட்டர் விளையாட்டானாலும் அடிப்படை ஒன்றுதான்.

படி 1: பயிற்சிக் களம்

ஆன்லைன் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். தனி ஆட்டத்தில் நீங்கள் ஒருவர், எதிரே ஒரே ஒரு விமானம். எதிரியாகப் பெரிய, மெதுவான ஒன்றை எடுங்கள். யுங்கர்ஸ் 52 போன்ற சரக்கு விமானம் கிடைத்தால் அருமை. அதன் இறக்கை அகலமே 29 மீட்டருக்கு மேல். கணினி விமானியின் திறமையைக் கடைசி நிலைக்கு இறக்குங்கள். உயரம் 2000 மீட்டர், தெளிந்த வானம், காற்று இல்லை, குண்டு தீராத அமைப்பு. ‘இது ஏமாற்று வேலை ஆச்சே’ என்று தோன்றினால் தோன்றட்டும்.

வார் தண்டரின் ஆர்கேட் என்ற எளிய முறையில் எங்கே சுடவேண்டும் என்று ஒரு குறி வரும். அதை நம்பிப் பழகினால் அது இல்லாத இடத்தில் கை நடுங்கும். குறி இல்லாத முறையிலேயே தொடங்குங்கள்.

படி 2: கன்வர்ஜன்ஸ்

ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் மாதிரி விமானங்களில் துப்பாக்கிகள் இரண்டு இறக்கைகளிலும் தள்ளித் தள்ளி இருக்கும். அவை உள்நோக்கிச் சற்றே திருப்பப்பட்டு, முன்னால் ஓரிடத்தில் எல்லாக் குண்டும் கூடும்படி அமைந்திருக்கும். அந்தத் தூரத்தைத்தான் கன்வர்ஜன்ஸ் என்கிறோம். அதற்கு முன்னாலும் பின்னாலும் குண்டுகள் பிரிந்துபோய், நடுவில் எதிரி சௌகரியமாகப் பறந்துகொண்டிருப்பான். 1940-இல் பிரிட்டிஷ் விமானிகளும் இந்தத் தொல்லையைப் பட்டவர்கள்தான். 400 கெஜம் என்று இருந்ததை 250 கெஜத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 230 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் விளையாட்டில் மாற்ற முடியும் என்றால் 250 மீட்டர் வையுங்கள். ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109-இன் எஃப் முதலான பிந்தைய வகைகள், சோவியத் யாக் போன்றவற்றில் துப்பாக்கி மூக்கிலேயே இருப்பதால் இந்தத் தலைவலி கிடையாது. புதியவர்களுக்கு நான் 109-ஐச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 3: சுடாமல் பறப்பது

முதல் நாள் டிரிக்கரைத் தொடவே கூடாது. சரக்கு விமானத்தின் பின்னால் போய், குறிப்புள்ளியை அதன் உடல் மேல் பத்து விநாடி அசையாமல் வைத்திருக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆரம்பத்தில் முடியாது. மூக்கு மேலும் கீழும் ஆடும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால் தளர்த்துங்கள்; டிரிம் (கைப்பிடியை விட்டாலும் விமானம் நிலையாகப் பறக்கவைக்கும் அமைப்பு) சரிசெய்து, விமானம் தானாக நேரே போகும்படி வையுங்கள். ஜாய்ஸ்டிக் அமைப்பில் நடுப்பகுதியின் உணர்திறனைக் குறைத்தால் ஆட்டம் பாதி அடங்கிவிடும்.

அப்புறம் கருவிப் பலகையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு உருளும், பார்த்திருக்கிறீர்களா? அது நடுவில் இல்லை என்றால் விமானம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம். அந்த நிலையில் எவ்வளவு துல்லியமாகக் குறி வைத்தாலும் குண்டு விலகித்தான் போகும். குழாயில் உள்ள குண்டு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து ரட்டர் மிதியை (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி) மிதியுங்கள், நடுவுக்கு வந்துவிடும்.

படி 4: தூரத்தைக் கண்ணால் அளப்பது

திரையில் எதிரியின் தூரத்தைக் காட்டும் எழுத்துகளை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 800, 500, 300, 200 மீட்டரில் எதிரி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறான் என்று குறிக்கண்ணாடியில் (குறி பார்க்க விமானிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி) தெரியும் வளையத்தோடு ஒப்பிட்டு மனத்தில் பதியுங்கள். ஜெர்மன் ரெவி கண்ணாடியில் கணக்கு எளிது: 10 மீட்டர் இறக்கை கொண்ட சண்டை விமானம் 100 மீட்டரில் வளையத்தை நிரப்பும். மூன்றில் ஒரு பங்கை நிரப்பினால் 300 மீட்டர். ஆனால் 29 மீட்டர் இறக்கை உள்ள சரக்கு விமானம் 300 மீட்டரிலேயே வளையத்தை நிரப்பிவிடும், ஏமாந்துவிடாதீர்கள். இன்னொன்று: பார்வையைப் பெரிதாக்கும் ஜூம், எட்ட இருப்பவனையும் கிட்டே இருப்பவன் போலக் காட்டும். வளையமும் கூடவே பெரிதாவதால், வளையத்தை நம்பினால் தப்பில்லை.

பிறகு எழுத்துகளை அணைத்துவிட்டு, 300 மீட்டர் என்று தோன்றும்போது ஆட்டத்தை நிறுத்தி உண்மைத் தூரத்தைப் பாருங்கள். எனக்கு முதலில் 300 என்று பட்டதெல்லாம் 600-ஆக இருந்தது.

படி 5: சுடுவது

இப்போது சுடலாம். 250 மீட்டருக்குள், நேர் பின்னாலிருந்து, ஒரு விநாடி. விரலை எடுங்கள். எங்கே போனது என்று பாருங்கள். திருத்துங்கள். மறுபடி ஒரு விநாடி. 1940-இன் ஸ்பிட்ஃபயரில் மொத்தமே சுமார் 15 விநாடி சுடத்தான் குண்டு இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் மாலன் என்ற விமானி, சக விமானிகளுக்கு எழுதிய விதிகளில் ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் அழுத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் குழாய் போலப் பீய்ச்சும் பழக்கம் இருந்தால் இந்தப் படியில் நான்கைந்து நாள் தங்குங்கள்.

படி 6: முன்தள்ளிச் சுடுவது

கடினமான இடம் இதுதான். எதிரி குறுக்கே போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 400 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 111 மீட்டர். தூரம் 300 மீட்டர். குண்டு சராசரியாக விநாடிக்கு 800 மீட்டர் போனால் போய்ச் சேர 0.375 விநாடி. அதற்குள் எதிரி 42 மீட்டர் நகர்ந்துவிடுவான். 109-இன் நீளம் சுமார் 9 மீட்டர். அப்படியென்றால் அவனுக்கு முன்னால் நாலரை விமான நீளம் வெறும் வானத்தில் சுடவேண்டும்! அவன் 30 பாகை கோணத்தில் விலகிப் போனால் இதில் பாதி, 21 மீட்டர். 10 பாகை என்றால் 7 மீட்டர். 800 மீட்டர் தள்ளியிருந்து குறுக்கே போகிறவனைச் சுட்டால் 110 மீட்டருக்கு மேல் முன்தள்ளவேண்டும், குண்டும் 5 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். எட்ட இருந்து ஏன் படுவதில்லை என்று புரிகிறதா?

சண்டையில் இந்தக் கணக்கைப் போட யாராலும் முடியாது. செய்யவேண்டியது இவ்வளவுதான். எதிரி வட்டமடிக்கும்போது உங்கள் இறக்கைகளையும் அவன் சாய்ந்திருக்கும் அதே சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். அவன் போகும் பாதை உங்கள் குறிக்கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் ஓடவேண்டும். அப்புறம் மூக்கை இழுத்து அவனுக்கு முன்னால் கொண்டுபோய், பிடியைச் சற்றுத் தளர்த்திச் சுடுங்கள். அவனே குண்டுக்குள் பறந்து வருவான். பல நேரம் அவன் உங்கள் மூக்குக்கு அடியில் மறைந்துவிடுவான். பயப்படவேண்டாம், கிட்டே இருப்பதால்தான் மறைகிறான்.

ஒளிரும் டிரேசர் குண்டுகளை முழுக்க நம்பாதீர்கள். எதிரியின் மேல் படுவது போலத் தெரியும். உண்மையில் அவன் இருக்கும் தூரத்துக்கே அவை போய்ச் சேர்ந்திருக்காது.

படி 7: பதிவைப் பார்ப்பது

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து, சுட்ட நொடியில் நிறுத்தி, வெளியிலிருந்து பாருங்கள். நான் தவறவிட்டவற்றில் பெரும்பாலும் குண்டு எதிரியின் வாலுக்குப் பின்னால்தான் போயிருந்தது. உங்களுக்கும் அப்படியே வரும். அடுத்த முறை உங்களுக்குத் தோன்றுவதைப் போல இருமடங்கு முன்தள்ளிப் பாருங்கள்.

பின்னாலிருந்து பத்துக்கு ஏழு முறை பட்டால் குண்டு தீராத அமைப்பை எடுத்துவிட்டு, எதிரியாகச் சண்டை விமானத்தை வையுங்கள். நேருக்கு நேர் மோதிச் சுடுவதை விட்டுவிடுங்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, இருவரும் சாவதுதான் மிச்சம். மஸ்டாங்கில் வரும் கே-14 சுழல்மானிக் குறிக்கண்ணாடி, எதிரியின் இறக்கை அகலத்தையும் தூரத்தையும் கொடுத்தால் முன்தள்ளும் அளவைத் தானே காட்டும். ஆனால் அது நிலைகொள்ள, குறியை எதிரியின் மேல் சிறிது நேரம் ஆடாமல் பிடித்திருக்கவேண்டும். படி 3-ஐத் தாண்டாதவர்களிடம் அது கண்டபடி அலையும்.