நெல்லையில் போர் நினைவு அருங்காட்சியகம்: கட்டுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

நம் சீமையில் நினைவகம் எழும்பும் முறையே தலைகீழானது. முதலில் முடிவாவது அடிக்கல் நாட்டும் தேதி. அடுத்தது சிலையின் உயரம். பிறகு முகப்பு வளைவு, திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் யாருக்கு மேலே என்ற பஞ்சாயத்து. உள்ளே எதை வைப்பது என்ற கேள்வி வெள்ளையடித்து முடித்த பிறகுதான் யாருக்காவது தோன்றும். உடனே ஓவியர் ஒருவரைப் பிடித்துச் சுவர் நிறையப் போர்க்காட்சி வரையச் சொல்வார்கள். பட்டறையில் சொல்லி நாலு வாளும் இரண்டு ஈட்டியும் அடித்து வாங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுவார்கள்.

திருநெல்வேலியில், அதிலும் பாளையங்கோட்டைக் கோட்டையின் எச்சங்களையோ டவுன் ரத வீதிகளையோ ஒட்டி, இப்படி ஓர் அருங்காட்சியகம் அமைக்க நினைப்பவர்கள் எங்கெல்லாம் இடறக்கூடும் என்று இங்கே சொல்கிறேன். கட்டடக் கலைஞருக்கு மட்டுமான சேதி இல்லை இது. குழுவில் உட்காரும் ஊர்ப் பெரியவர்களும் நன்கொடை தருபவர்களும்தான் பெரும்பாலான தவறுகளைத் தொடங்கிவைக்கிறார்கள்.

பொருள் இல்லாத இடத்தைப் பொம்மையால் நிரப்புவது

இங்கே போருக்குப் பஞ்சமில்லை. நெற்கட்டும்செவல் புலித்தேவர் 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையை எதிர்த்தது முதல், 1801 மே 24இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தது வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த மண் ஓயவில்லை. ஆனால் அக்காலத்துப் பொருள்கள் கைக்குக் கிடைப்பது அரிது. அதற்குக் காரணமும் வெளிப்படையானது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மன் உத்தரவிட்டார். 1801க்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இன்றும் ஊரில் வழங்கும் பேச்சு.

ஆகவே காட்சிப் பேழை காலியாக இருப்பதே ஒரு சான்று. ஆயுதப் பறிமுதல் உத்தரவைத் தமிழில் எழுதி மாட்டி, பக்கத்தில் வெறும் பேழையை வையுங்கள், வருகிறவருக்கு விளங்கிவிடும். அதை விட்டுவிட்டுப் பட்டறை வாளை வைத்து, ‘வீரர்கள் பயன்படுத்திய வாள்’ என்று பலகை மாட்டினால் பிற்பாடு உண்மையான பொருள் ஒன்று கிடைத்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். மாதிரி செய்து வைக்கலாம், மாதிரி என்று எழுதியும் வைக்க வேண்டும். முகத்துக்கும் இதே விதிதான். கட்டபொம்மன் என்றதும் நம் கண்ணில் நிற்கும் மீசையும் மிடுக்கும் நாடக மேடையும் சினிமாவும் தந்தவை. கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து வரி, வட்டி வசனத்தைப் போட்டால் கைதட்டல் கிடைக்கும். இடம் மட்டும் சினிமாக் கொட்டகை ஆகிவிடும்.

இதே ஆசையின் பெரிய வடிவம் கோட்டையைத் திரும்பக் கட்டுவது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் நினைவுக்கோட்டை எழுந்தது. அந்தக் காலத்து உணர்ச்சிக்கு அது பொருத்தம். அதைப் பார்த்து இன்னொரு சிமென்ட் கொத்தளம் கட்ட வேண்டியதில்லை. உண்மைக் கோட்டை மண்ணால் ஆனது. முற்றுகையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் குறிப்புப்படி, சுமார் 500 அடிக்கு 300 அடிதான் அதன் பரப்பு. டவுனில் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூட வளாகம் அளவு இருக்கும். இவ்வளவு சிறிய மண்கோட்டை 1801 மார்ச் 31இல் கம்பெனிப் படையின் தாக்குதலை முறியடித்துத் திருப்பி அனுப்பியது. கல் உடைந்து சிதறும். இறுகிய மண் குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். இதைக் காட்ட வேண்டுமானால் பழைய முறை தெரிந்த கொத்தனார்களைக் கொண்டு பத்தடி நீளத்துக்கு ஒரு மண்சுவர் எழுப்புங்கள். குறுக்கே வெட்டிய முகத்தில் மண்ணும் வைக்கோலும் தெரியட்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். மழைக்குக் கரைந்தால் மறுபடி பூசலாம். மண்சுவர் வைத்திருந்தவர்கள் வருடாவருடம் அதைத்தான் செய்தார்கள்.

அதே அதிகாரி எழுதிவைத்த இன்னொரு சம்பவத்தை இந்த மாவட்டத்தில் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. கோட்டை விழுந்த பிறகு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை காயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடக்கிறார். தன் மகனைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்த ஒரு தாய், அவன் உயிர் ஊசலாடக் கிடப்பதைப் பார்க்கிறாள். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் ‘சாமி’யை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றச் சொல்கிறான் மகன். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். தேடி வந்த, கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியதும் வெள்ளைத் துணி போர்த்தி, அம்மை கண்டு செத்தவன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தத் தாயின் பெயர் குறிப்பில் இல்லை. ஒரு வெள்ளைத் துணியும் இருபது வரியும் போதும், அந்த அறையில் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பார்கள்.

யார் பெயர் முதலில்

மற்ற ஊர்களில் இது வடிவமைப்பின் ஒரு சிறு பகுதி. நெல்லையில் இதுதான் தலைவலி. 1997இல் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. நம் சாலையோரச் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்பதும், பிறந்தநாளும் நினைவுநாளும் வந்தால் போலீஸ் பந்தோபஸ்து போடுவதும் ஏன் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீரரும் ஒரு சாதியின் சொத்தாகிவிட்ட ஊரில், ஒரு வீரருக்கு ஓர் அறை என்று பிரித்தால், அது சாதிக்கு ஓர் அறை என்றுதான் வாசிக்கப்படும். பிறகு அறையின் நீள அகலத்துக்கு மனு வரும்.

வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஐம்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பதவி வாரியாகவோ அகரவரிசையிலோ அடுக்காமல், இறந்த நாளின் வரிசையில் பொறித்தார்கள். அதிகாரியும் சிப்பாயும் ஒரே நாளில் விழுந்தால் ஒரே இடத்தில். இங்கும் ஆளை விட்டுவிட்டு ஆண்டைப் பிடித்துக்கொண்டு போகலாம்: 1755, 1799, 1801, பிறகு 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியில் மூண்ட எழுச்சி. அந்தந்த ஆண்டில் நின்றவர்கள் எல்லோரும் அந்தந்த அறையில் சேர்ந்தே நிற்பார்கள்.

எதிரணி என்ற சிக்கலும் உண்டு. எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. அந்தக் குடும்பத்தாரும் அந்த ஊர்க்காரர்களும் இன்றும் இங்கேதான் வாழ்கிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே வருவார்கள். அவர்களைத் திட்டுவதற்கென்று ஒரு பொம்மை செய்து வைப்பது எளிது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்த எல்லைத் தகராறுகளை ஒரு வரைபடத்தில் காட்டுவது கடினம், ஆனால் பயன் உள்ளது. கம்பெனிப் படையில் பெரும்பான்மை நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் மறைக்காதீர்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு வந்து செத்த சிப்பாய்களுக்குக் கல்லும் இல்லை.

பழைய ஊருக்குள் இடம் பிடிக்கும்போது

ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்துக்கு அகலமான நிலம் கிடைத்தது. ஊருக்குள் அந்த வசதி கிடையாது. பாளையங்கோட்டையில் மேடை போலீஸ் நிலையம் என்று எல்லோரும் அறிந்த கட்டடம், பழைய கோட்டையின் எஞ்சிய துண்டுகளில் ஒன்று. இப்படிப்பட்ட சுவரைக் கைவைக்கும் முதல் நாளே சிமென்ட் பூசிவிடுவது நம் வழக்கம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட் பூச்சு உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து, சில மழைக்காலங்களில் பூச்சோடு பழைய சுவரும் கழன்று வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

தோண்டுவதில் இன்னும் நிதானம் வேண்டும். ஆதிச்சநல்லூர் இருக்கும் ஆற்றங்கரை இது, அஸ்திவாரக் குழியில் தாழி வந்து நிற்கலாம். பொக்லைனை அனுப்பும் முன் தொல்லியல் துறையினரைக் கூப்பிடுங்கள். ஏதாவது கிடைத்தால் திட்டம் கெட்டது என்று பதற வேண்டாம். ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

டவுனில் என்றால் ஆனித் தேரோட்டத்தை மறந்து வரைந்த முகப்பு முதல் வருடமே இடிபடும். ரத வீதியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் தேருக்கு இடைஞ்சல். கோபுரத்தோடு உயரத்தில் போட்டி போடுவதும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கட்டடங்களைப் பார்த்து மயங்கி நகல் எடுப்பது இன்னொரு நோய். ஜெர்மனியின் டிரெஸ்டன் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தைப் பிளந்துகொண்டு எஃகும் கண்ணாடியுமாக ஓர் ஆப்பு நிற்கிறது, 2011இல் திறந்தார்கள். 1945இல் அந்நகரம் குண்டுவீச்சில் எரிந்தது, ஆப்பின் நுனி குண்டுகள் விழத் தொடங்கிய திசையைக் காட்டுகிறது. அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. பாளையங்கோட்டைச் சுவரில் அதைச் செருகினால் ஜவுளிக்கடை முகப்பாகத் தெரியும்.

ஆறும் வெயிலும்

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றதைப் பார்த்த பிறகும், ஆவணக் காப்பறையை நிலவறையில் வைக்கலாம் என்று வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குறுக்குத்துறைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் அந்த முருகன் கோயிலில், வெள்ளம் வந்து மோதும் பக்கம் படகு முனை போலக் கூராக இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். மூழ்கினாலும் கெடாதது கீழே, கெடக்கூடியது மேலே, தூக்கிப் போக ஆளும் வழியும் முன்கூட்டியே தயார். காப்பறைக்கும் அதுவே திட்டம்.

ஓலைச்சுவடி, துணி, காகிதம் ஆகியவற்றுக்கு விளக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. புகைப்படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அடிக்கும் விளக்கு சில வருடங்களில் சாயத்தை வெளுத்துவிடும். ஏ.சி.யைப் பகலில் ஓட்டி, இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்துவது ஏ.சி. இல்லாததைவிட மோசம். ஈரப்பதம் ஏறி இறங்கி இரும்பு துருப்பிடிக்கும், ஓலை வளைந்து வெடிக்கும். தடித்த சுவர், தாழ்வாரம், மூடிய பேழை இவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். நிர்வாகம் எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் பழைய பித்தளையையும் செம்பையும் புளி போட்டுத் துலக்க விடாதீர்கள்.

மாலையும் சூடமும்

நம் மக்கள் நினைவகத்துக்கு வெறும் கையோடு வருவதில்லை. செருப்பைக் கழற்றுவார்கள், மாலை போடுவார்கள், சூடம் ஏற்றுவார்கள். இது கோயில் இல்லை என்று காவலாளி விரட்டுவதில் பயன் இல்லை. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக் குவித்திருந்தார்கள் என்று பழைய குறிப்பு உண்டு. கேட்டுச் செய்த காரியம் இல்லை அது. ஆகவே காட்சிக்கூடத்துக்கு வெளியே, புகை உள்ளே போகாத இடத்தில், திறந்த முற்றம் ஒன்று வேண்டும்: மாலை போட ஒரு கல், சூடத்துக்கு ஒரு மாடம், வாடிய பூவை அன்றே அள்ளிப்போக ஒரு தொட்டி. கோயில் கொடைக் காலத்தில் வில்லுப்பாட்டு நடத்தவும் அந்த முற்றம் உதவும். மே மாத நண்பகலில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதால் தரைக்கு மெருகேற்றிய கிரானைட் போடாதீர்கள்.

கடைசியாகப் பணம். திறப்பு விழாவுக்கு மறுநாள் முதல் யார் சம்பளம் தருவார் என்று எழுத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். காப்பாளர் ஒருவர், சுவடி பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர், வழிகாட்டிகள், கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஆட்கள், மின்கட்டணம். இவ்வளவுக்கும் ஐந்து வருடக் கணக்கைக் கட்டுமான மதிப்பீட்டோடு சேர்த்தே கேளுங்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் சிலையின் உயரத்தில் சில அடிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.