ரைஃபிளுக்கு விளக்கா, லேசரா? இரவில் பன்றி வேட்டைக்குப் போகும் புதியவர்களுக்கு

டெக்சாஸ் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி என்றாலே வயிற்றெரிச்சல். ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் வந்து மேய்ச்சல் நிலத்தை ஏர் ஓட்டியதுபோலக் கிளறிப் போட்டுவிடும். பகலெல்லாம் பெரும்பாலும் புதருக்குள் படுத்துக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அதனால் இங்கே பன்றி வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்பது இதைத்தான்: ரைஃபிளில் என்ன விளக்கு மாட்டுவது, லேசரும் வேண்டுமா? நான் முடிவெடுக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் சட்டத்தைப் பாருங்கள். டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, பன்றியை இரவில் விளக்கு வைத்தும் சுடலாம். 2019 செப்டம்பர் முதல் அதற்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அதே விளக்கை வைத்து மானைச் சுட்டால் குற்றம். மாநிலம் மாறினால் விதியும் மாறும். போகிற அன்று அந்தப் பகுதியின் வனவிலங்கு அலுவலருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

படி 1: விளக்கு எதற்கு என்று தெளிவாகுங்கள்

எதிரே நிற்பது என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குக் காட்டுவதுதான் விளக்கின் வேலை. குறி பார்ப்பது அதற்குப் பிறகு.

ஒரு முறை நண்பரின் நிலத்தில் சுமார் 80 கெஜத்தில் ஐந்து கறுப்பு உருவங்கள் நின்றன. தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. கண் எதுவும் மின்னவில்லை. மாடு, மான், நாய் இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. கண் மின்னாததால் பன்றிதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் விசைக்கு வெளியே விரலை வைத்தபடி காத்திருந்தேன். ஒன்று தலையைத் தூக்கியது. பச்சையாக இரண்டு புள்ளிகள். கறுப்புக் கன்றுக்குட்டி! தலை குனிந்த கன்றின் கண்ணும் மின்னாது. காது, கழுத்து, வால், நடை எல்லாம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

படி 2: லூமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது லூமன். விளக்கு மொத்தமாகக் கக்கும் ஒளி அது. அந்த ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் இல்லையா, அந்த மாதிரி.

மாட்லைட் நிறுவனத்தின் இரண்டு விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,350 லூமன், 54,000 கேண்டெலா. இன்னொன்று 680 லூமன்தான், ஆனால் 69,000 கேண்டெலா. லூமன் பாதியாக இருந்தும் இரண்டாவதுதான் தூரம் போகும். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் மீட்டரில் வந்துவிடும். 69,000-க்கு 525 மீட்டர் வருகிறது. அந்தக் கணக்கின் எல்லையில் கிடைப்பது நிலா வெளிச்சம் அளவுதான், அதை நம்பிச் சுட முடியாது. நான் நாலில் ஒரு பங்கைத்தான் வேலைக்கான தூரமாக வைத்துக்கொள்கிறேன்.

வயல்வெளிக்குக் கேண்டெலா அதிகமாக இருக்கட்டும். புதர் நெருங்கிய ஓடைக்கரைக்கு விரிந்த ஒளி நல்லது. மூடுபனியிலும் புழுதியிலும் எவ்வளவு பெரிய விளக்கும் முகத்திலேயே திருப்பி அடிக்கும். சிவப்பு வெளிச்சம் பன்றிக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் தூரம் நிறையக் குறைந்துவிடும்.

படி 3: மாட்டும் இடம்

ரைஃபிளின் முன்பக்கத்தில் துணைக்கருவி மாட்ட இருப்பது பிகாட்டினி ரெயிலா (பல் பல்லாக வெட்டிய தண்டு), எம்-லாக் துளையா (நீள்துளைகள்) என்று பார்த்து, அதற்கேற்ற பிடியை வாங்குங்கள். குண்டு நிறைந்த ரைஃபிளில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் திருகாணியைத் தொட வேண்டும்.

விளக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்னால் தள்ளி மாட்டினால் ரைஃபிள் குழலின் நிழல் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். குழல் முனையில் சப்ரஸர் (சத்தம் குறைப்பான்) மாட்டியிருந்தால் நிழல் இன்னும் பெரிது. ரைஃபிளைத் தாங்கும் கையின் கட்டைவிரல், பிடி மாறாமல் ஸ்விட்சுக்கு எட்ட வேண்டும். அழுத்தும்வரை மட்டும் எரிகிற ஸ்விட்ச் புதியவர்களுக்குப் போதும்.

சாதாரண டார்ச்சைக் கிளாம்பில் கட்டிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். சுடும்போது வரும் உதையில் பேட்டரி தொடுப்பு விட்டுப்போய், வேண்டிய நொடியில் அணைந்துவிடும்.

பேட்டரி பற்றி ஒன்றுதான். சிஆர்123ஏ என்ற சின்ன பேட்டரி இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட், 18650 என்ற ரீசார்ஜ் பேட்டரி ஒன்று என்றால் 3.7 வோல்ட். இரண்டையும் ஏற்கும் என்று விளக்கிலேயே எழுதியிருந்தால் தவிர மாற்றிப் போடாதீர்கள். பழையதையும் புதியதையும் கலக்கவும் கூடாது.

படி 4: லேசர் வேண்டுமா?

லேசர் ஒரு புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி விழுந்திருப்பது பன்றி மேலா கன்று மேலா என்று காட்டாது. அதனால் முதல் பணம் விளக்குக்கு. லேசர் வாங்கினால், ஒரே சக்தியில் சிவப்பைவிடப் பச்சை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அகச்சிவப்பு லேசர் இரவுக்காட்சிக் கருவி இல்லாமல் பயன்படாது. அது கண்ணுக்குத் தெரியாததால், பட்டாலும் இமை தானாக மூடாது. அந்த ஆபத்தை மறக்காதீர்கள். வானத்துப் பக்கம் லேசரைத் திருப்பவே வேண்டாம். விமானத்தின் மேல் அடித்தால் அமெரிக்காவில் 5 ஆண்டுவரை சிறை.

புதியவர்கள் அதிகம் குழம்புவது லேசரைச் சரிசெய்வதில். லேசர், ரைஃபிளின் குழலுக்கு 1 அங்குலம் வலப்பக்கம் இருக்கிறது, 25 கெஜத்தில் புள்ளியும் தோட்டாவும் சேரும்படி வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 கெஜத்தில் புள்ளி 1 அங்குலம் இடப்பக்கம் போய்விடும், 100 கெஜத்தில் 3 அங்குலம். அதற்குப் பதில் லேசரைக் குழலுக்கு இணையாக வைத்தால் எந்தத் தூரத்திலும் பக்கவாட்டில் அதே 1 அங்குலம்தான். நான் இணையாகத்தான் வைக்கிறேன்.

படி 5: இருட்டில் சோதனை

ரைஃபிள் காலியாக இருக்கட்டும். பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் 50, 100 கெஜத்தில் அட்டைகளை நட்டு, இருட்டியதும் ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பாருங்கள். அட்டையில் கையகல எழுத்துப் போட்டு வைத்தால், உருவம் மட்டும் தெரிகிறதா, எழுத்தையும் படிக்க முடிகிறதா என்று விளங்கிவிடும். எழுத்தைப் படிக்க முடிகிற தூரம்தான் உங்கள் தூரம்.

சட்டைப்பையில் தனியாக ஒரு கை டார்ச் கட்டாயம். கேட்டைத் திறக்கவும் கீழே விழுந்த சாவியைத் தேடவும் ரைஃபிள் விளக்கைத் தூக்கினால், குழலும் கூடவே நண்பரின் பக்கம் திரும்பும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியில், திருகாணிகளுக்கு நீல லாக்டைட் (திருகாணி கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. திருகாணித் தலையிலிருந்து பிடிவரை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இருபது தோட்டா சுட்ட பிறகு பார்த்து, கோடு உடைந்திருந்தால் மறுபடி இறுக்குங்கள். விளக்கின் கண்ணாடியில் படிந்திருக்கும் கரியையும் அப்போதே துடைத்துவிடலாம்.