வாய், நாக்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு ட்யூப் சாப்பாடு: வார்டுல நாங்க கத்துக்கிட்டது

அப்பாவுக்கு நாக்குல கேன்சர், நாக்குல பாதிய எடுத்துட்டு கழுத்து நெறிக்கட்டி எல்லாம் க்ளீன் பண்ணி, முன்கையில இருந்து சதை எடுத்து நாக்குல வச்சு தச்சாங்க. ஆபரேஷன் எப்படின்னு டாக்டர் பேப்பர்ல படம் போட்டே சொன்னார், ஆனா மூக்கு வழியா வயித்துக்குப் போற ட்யூப்ல விடற சாப்பாடு விஷயத்துல எங்க கைக்கு வந்தது ஒரே ஒரு வரி, "2 மணி நேரத்துக்கு ஒருக்கா 200 மில்லி". எது 200 மில்லின்னு அதுல இல்ல. வெளிய இருந்து கொண்டு வரலாம்னு சொன்னதால நாங்களும் பருப்பு தண்ணி, இளநி, ஆப்பிள் ஜூஸ், வடிச்ச கஞ்சின்னு மாத்தி மாத்தி விட்டோம், ஒரு வேளைகூட தவறல, ஆனா ஒரு வாரத்துல 52 கிலோல இருந்து 50க்கு வந்துட்டார். டயட்டீஷியன் வந்து நாங்க குடுத்ததை எல்லாம் எழுதி கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்கு 600 கலோரிகூட தாண்டல. நாங்க சாப்பாடுன்னு நினைச்சு விட்டதெல்லாம் கலர் கலரா தண்ணிதான்.

அதனால மொத வேலை கணக்கு. ஆளோட எடைக்கு கிலோவுக்கு 25ல இருந்து 30 கலோரி, புரோட்டீன் 1.2ல இருந்து 1.5 கிராம். அப்பாவுக்கு 52ன்னு வச்சா 1560 கலோரி, 78 கிராம் புரோட்டீன். ஒரு நாளைக்கு 8 ஃபீட் (ட்யூப்ல விடற ஒரு வேளை சாப்பாடு), 200 மில்லி வீதம் 1600 மில்லி, அப்போ ஒரு மில்லிக்கு ஒரு கலோரியாவது இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். ஒரு டம்ளர் இளநில சுமாரா 40 கலோரிதான் இருக்கு, நீங்களே பாத்துக்கங்க. பருப்பு தண்ணியும் அப்படித்தான், புரோட்டீன் பருப்புலயே தங்கிடும், தண்ணில வர்றது பேருக்குத்தான். பருப்பு குடுக்கணும்னா நல்லா குழைய வேகவச்சு பருப்பையே அரைச்சு வடிகட்டி குடுங்க.

எங்களுக்கு செட் ஆனது இது. 150 மில்லி பால காய்ச்சி, கை சூட்டுக்கு ஆறினதும் கொழுப்பு எடுத்த பால் பவுடர் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன் போட்டு மிக்சில ஒரு சுத்து, அப்புறம் தண்ணி சேத்து 200 மில்லி. இதுல சுமாரா 220 கலோரி, 10 கிராம் புரோட்டீன் வரும். எண்ணெயான்னு எங்க அத்தை முகத்த சுளிச்சாங்க, ஆனா ஒரு டீஸ்பூன்ல 45 கலோரி, அளவும் ஏறாது, ட்யூபும் அடைக்காது. சுகர் இருந்தா சர்க்கரைய விட்டுட்டு டயட்டீஷியன கேட்டு மாத்திக்கங்க. பால் ஒத்துக்காம வயிறு உப்புசமானாலும் அப்படித்தான். முட்டைய அவிச்சு வெள்ளைய மட்டும் கஞ்சியோட அரைச்சு வடிகட்டி குடுங்க. பச்சை முட்டைய அடிச்சு ஊத்துறது பழைய வழக்கம், ஆபரேஷன் ஆன ஒடம்புக்கு அதுல வர்ற கிருமி ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

கேழ்வரகு கஞ்சில ஒரு ட்ரிக் இருக்கு. சாதா மாவுல கெட்டியா காய்ச்சினா சிரிஞ்ச்ல இறங்காது, தண்ணி ஊத்தி இறங்க வச்சா சத்து போச்சு. கேழ்வரகு ரெண்டு நாள் முளைகட்டி காயவச்சு அரைச்ச மாவு இருக்குல்ல, அத ஒரு ஸ்பூன் எடுத்து, கெட்டி கஞ்சி கொஞ்சம் ஆறினப்புறம் (கொதிக்கிறப்போ போட்டா வேலைக்காகாது) கலந்து பத்து நிமிஷம் விடுங்க. முளைவிட்ட தானியத்துல இருக்கற அமைலேஸ்ங்கற நொதி மாவுச்சத்த உடைச்சுடும், கண்ணு முன்னாடியே களி மாதிரி இருந்தது மோர் மாதிரி ஆயிடும், கலோரி அப்படியே இருக்கும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவச்சு குடுங்க. மொத தடவை பாத்தப்போ எனக்கு நம்பவே முடியல.

இனி எப்படி விடணும்ங்கறது. ஆளை நிமித்தி உக்கார வைக்கணும், முடியலன்னா தலைமாட்ட 30ல இருந்து 45 டிகிரி தூக்கணும், ஃபீட் முடிஞ்சு அரைமணி ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்குகிட்ட ட்யூப்ல மார்க் இருக்கும், ஒவ்வொரு தடவையும் அது நகர்ந்திருக்கான்னு பாருங்க. 50 மில்லி சிரிஞ்சோட பிஸ்டன கழட்டிட்டு குழாய மாதிரி பிடிச்சு ஊத்துங்க, தானா இறங்கணும், அழுத்தி தள்ளக்கூடாது, 200 மில்லிக்கு கால் மணி நேரமாவது ஆகும். முன்னாடியும் பின்னாடியும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணி. அந்தத் தண்ணிய மறந்தீங்கன்னா ட்யூப் அடைக்கும். அடைச்சா வெதுவெதுப்பான தண்ணிய வச்சு மெதுவா இழுத்து தள்ளி பாருங்க, கம்பி கிம்பி விடாதீங்க.

மாத்திரைய ஃபீட்ல கலக்காதீங்க, தனியா பொடிச்சு தண்ணில கரைச்சு விட்டு தண்ணி விடணும். எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது, வயித்துப்புண்ணு மாத்திரை மாதிரி மேல கோட்டிங் இருக்கறத பொடிச்சா வேலையும் செய்யாது ட்யூபும் அடைக்கும், சிஸ்டர்கிட்ட சிரப்பா மாத்தி கேளுங்க.

ட்யூப் கழண்டு வந்துடுச்சுன்னா நீங்களா திரும்ப சொருகாதீங்க, வார்டுல நைட் ட்யூட்டில புதுசா வந்தவங்க சொருக வந்தாலும் ஆபரேஷன் பண்ணின டீம்ம கேட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க, உள்ள தையல் பச்சையா இருக்கு, தப்பா போனா தையல் பிரியும். ஃபீட் போகும்போது இருமல், மூச்சுத் திணறல், வாந்தின்னா ஒடனே நிறுத்திட்டு சிஸ்டர கூப்பிடுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடியே புண்ணால சாப்பிட முடியாம ரொம்ப எடை போனவங்களுக்கு (எங்கப்பா 3 மாசத்துல 60ல இருந்து 52) திடீர்னு முழு அளவு குடுக்கக்கூடாது. பட்டினி கெடந்த ஒடம்புக்கு சட்டுனு சாப்பாடு போனா ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் எல்லாம் கொறைஞ்சு இதயத்தையே பாதிக்கும். அதான் மொத நாலஞ்சு நாள் ரத்தம் எடுத்து பாத்து பாத்து ஏத்துறாங்க, பி1 விட்டமின் ஊசியும் போடுவாங்க. அந்த நேரத்துல பாசத்துல ஒரு டம்ளர் எக்ஸ்ட்ரா விடாதீங்க.

கழுத்துல இருந்து ரத்தமும் நீரும் வடியறதுக்கு வச்சிருக்கற ட்ரெயின் பாட்டிலயும் ஒரு கண்ணு வச்சுக்கங்க. பக்கத்து பெட்காரருக்கு ஃபீட் ஆரம்பிச்ச மூணாம் நாள் ட்ரெயின்ல வர்றது பால் மாதிரி வெள்ளையாச்சு, அவர் பையன் ரத்தம் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டான். உண்மையில அது கழுத்துல நிணநீர் குழாய் லீக் ஆகறது, நாம சாப்பிடுற கொழுப்பு அந்தக் குழாய் வழியாத்தான் ரத்தத்துக்குப் போகுது. ஒடனே சொல்லணும், அவங்க ஃபீட்ல கொழுப்ப நிறுத்தி இல்லன்னா வேற வகை எண்ணெய்க்கு மாத்துவாங்க. அந்த நேரத்துல நான் சொன்ன எண்ணெய், பால் எல்லாம் உங்களுக்கு பொருந்தாது.

வயித்தால போச்சுன்னா மொதல்ல ஃபீட்ட சந்தேகப்படாம கைய சந்தேகப்படுங்க. சிரிஞ்ச், வடிகட்டி, மிக்சி ஜார் இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவணும், செஞ்சது வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஜில்லுனு விடாதீங்க. ஆன்டிபயாட்டிக்கும் காரணமா இருக்கலாம், ஃபீட்ட நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வாயால எப்போ ஆரம்பிக்கலாம்ங்கறது டாக்டரும் விழுங்கற பயிற்சி தர்ற தெரபிஸ்டும் சொல்லணும், ஆளுக்கு ஆள் மாறும். நாம நினைக்கறதுக்கு நேர்மாறா தண்ணிதான் கஷ்டம், சட்டுனு நுரையீரல் பக்கம் ஓடிடும், அதனால தயிர், மசிச்ச வாழைப்பழம் மாதிரி கொழகொழன்னு இருக்கறதுல ஆரம்பிப்பாங்க. ஆபரேஷன் ஆகாத பக்கமா ஸ்பூன வைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. விழுங்கினதும் குரல் கரகரன்னு ஈரமா கேட்டுச்சுன்னா நிறுத்துங்க. இன்னொன்னு, கையில இருந்து எடுத்து வச்ச சதைக்கு சூடு தெரியாது. எங்கப்பா சூடா ரசம் கேட்டு குடிச்சு ஒன்னுமே சொல்லல, மறுநாள்தான் அங்க வெந்து போயிருந்தது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எதையும் என் மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு பாத்துட்டுதான் குடுத்தேன்.

ரேடியேஷன் வேணும்னு சொன்னா பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி 6 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு பாப்பாங்க, எடை இறங்கி புண்ணு ஆறலன்னா அந்த தேதி தள்ளும், அதுக்குத்தான் இவ்வளவு கணக்கும். அப்பா மொத ஸ்பூன் தயிர் சாப்பிட்டது 16வது நாள். ட்யூப உருவினது அதுக்கும் மூணு வாரம் கழிச்சு, வாய் வழியா மட்டுமே 1200 கலோரி போகுதுன்னு தொடர்ந்து நாலு நாள் நோட்டுல எழுதி காட்டினப்புறம்தான்.