திருட்டுச் சந்தேகத்தில் வேலை போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

கணக்கு உதைக்கிறது என்று மேலாளர் அறைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே அவசரத்தில் போடும் கையெழுத்துதான் பலரைக் கவிழ்க்கிறது. "ராஜினாமா எழுதிக் கொடு, போலீஸுக்குப் போகமாட்டோம்" என்பார்கள். கொடுத்துவிட்டால் ஏட்டில் நீங்களாக விலகியவர். பணிநீக்கமே இல்லையென்றால் எதை எதிர்த்து முறையிடுவது? புகார் வராது என்பதற்கும் அந்தக் காகிதம் உத்தரவாதமில்லை. ஒரு கடிதத்தைப் பெற்றதற்குத்தான் கையெழுத்து என்றால், "பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை" என்று தேதி, நேரத்தோடு எழுதிப் போடுங்கள். மிரட்டலுக்குப் பயந்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், அன்றைக்கே மின்னஞ்சலில் மறுத்துவிடுங்கள். அறையில் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், என்ன சொன்னார்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

"வம்பு வேண்டாம், குறைந்ததை நானே கட்டிவிடுகிறேன்" என்பதும் ஒப்புதலாகவே படிக்கப்படும். சரக்கு குறைந்தது என்றால் சரக்கு குறைந்தது, அவ்வளவுதான். எடுத்தவர் யார் என்பதை அது சொல்லாது. சாவி, கடவுச்சொல் வேறு யாரிடம் இருந்தன, அந்த ஷிப்டில் யார் இருந்தார்கள், கடைசியாக இருப்பு எண்ணியது எப்போது என்றுதான் கேட்க வேண்டும்.

கோபத்தில் நிறுவனத்தின் விசாரணைக்குப் போகாமல் இருப்பது அடுத்த தவறு. நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பல நாட்டுச் சட்டங்களில் இதே கொள்கை உண்டு. எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதி, எந்த நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். சிசிடிவி பதிவை வெட்டிய துண்டாக அல்லாமல் முழுமையாகக் கேளுங்கள், அதுவும் முதல் நாளே. பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறி அழிந்துவிடும்.

"போலீஸ் கேஸே இல்லையே" என்று அசட்டையாக இருக்காதீர்கள். குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவு சாட்சியம் பணிநீக்கத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. வழக்கில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பாது. புகார் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்கு நீளமாக விளக்கம் எழுதுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த விளக்கமே வழக்கில் ஆவணமாகப் போகலாம்.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், பழைய குற்றச்சாட்டு நிற்காவிட்டாலும் அதுவே புதிய குற்றச்சாட்டாகும். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் போன்ற உங்களுடையவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சக ஊழியரிடம் சாட்சி பற்றி வாட்ஸ்அப்பில் பேசுவதும் வேண்டாம்.

கடுமையான ஒழுங்கீனம் என்று நீக்கினால் அறிவிப்புக் காலச் சம்பளம் போகலாம். வேலை செய்த நாட்களுக்கான கூலி வேறு கணக்கு, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். நீக்கத்தை எதிர்த்து முறையிடுவதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் நீக்கக் கடிதம் கிடைத்ததிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறதே என்று காத்திருந்தால், கெடு உங்களுக்காக நிற்காது.