கறுப்புப் பலகையை நம்பாதீர்கள்

மலேசியாவின் தாப்பாவில் தச்சு வேலை பழகிய காலத்தில், பக்கத்துத் தோட்டத்தின் துரை பங்களாவில் மக்கிய கறுப்புப் பலகைகளை மாற்றப் போனேன். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புச் சட்டங்கள்; இங்கிலாந்துப் பண்ணைவீட்டைப் போலவாம். பெயர்த்துப் பார்த்தால் பின்னால் செங்கல் சுவர். பலகை ஓர் அங்குலம், ஆணி நான்கு. புதிய பலகை அடித்து, தார் பூசி, கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு.

அசலைப் பார்த்தது மகள் அங்கே குடியேறிய பிறகுதான். இங்கிலாந்தின் சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்னும் மரச்சட்டப் பண்ணைவீடு நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் மாவட்டத்தில் கட்டியது. அங்கே நீர்த்தேக்கம் வரவிருந்ததால் கட்டை கட்டையாகக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். நீங்களும் பிள்ளைகளைப் பார்க்கப் போனால், இத்தகைய வீட்டை இப்படிப் பாருங்கள்.

முதலில் குனியுங்கள். தரையில் கல் வரிசை, அதன்மேல் படுத்த அடிக்கட்டை, அதில் நட்ட தூண்கள், மேலே உத்திரம். பாரம் கூரையிலிருந்து மரம் வழியாகவே இறங்கவேண்டும். ஒரு தூணை உருவினால் மேலே எது சரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே சரியாதென்றால் அது எங்கள் துரை பங்களாதான்.

அடுத்து மூட்டுகள். நான் அரைமணி நேரம் நின்றது இங்கேதான். எங்கள் ஊர் மெராந்தி மரத்தை உலரவிட்டு இழைத்துப் பழகியவன் நான். அவர்களோ ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்கினார்கள். காய்ந்தால் இரும்பாகிவிடும், உளி இறங்காது. ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் கழுந்து, இரண்டையும் பிணைக்கக் குறுக்கே அடிக்கும் காய்ந்த ஓக் முளை. கழுந்தில் முளைக்கான துளையை மட்டும் மயிரிழை உள்ளே தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க அது மூட்டை இழுத்து இறுக்கும். ஓக்கின் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும் என்பதால் ஆணியைவிட முளைதான் அங்கே நிலைக்கும். பச்சை மரம் காயும்போது முறுக்கும், வளையும். கோணல் தூணைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள்.

மூட்டருகே உளிக் கீறல்கள் தெரிந்தால் எண்ணுங்கள். ரோம எண்கள் அவை. களத்தில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, மனையில் மறுபடி பூட்டுவது வழக்கம்.

சட்டங்களுக்கு இடையே வரிச்சு கட்டி, களிமண், சாணம், வைக்கோல் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு. நம் பாட்டிமார் பார்த்தால் சிரிப்பார்கள். பின்னாளில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அந்த இடத்து மரத்தை உற்றுப் பாருங்கள்: ஈரம் வெளியேற வழியின்றி உளுத்திருக்கலாம். கன்னங்கரேல் நிறத்துக்கும் மயங்கவேண்டாம். பெரும்பாலும் அது 19ஆம் நூற்றாண்டு மோகம். இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஓக்கைச் சாம்பல் நிறமேற விட்டுவிடுவதே வழக்கமாயிருந்தது.

கடைசியாக அண்ணாந்து பாருங்கள். கைமரங்களில் கரி படிந்திருந்தால், அந்தக் கூடத்தின் நடுவே திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது. கீழே செங்கல் புகைபோக்கி இருக்கிறதே என்றால், அது பின்னால் வந்து நுழைந்தது.